ஒரு நாற்சந்தி, நான்கு அலுவலகங்கள்

பாழாகிக் கிடக்கும் ஒரு நாற்சந்தியின் குறைகள், அதைத் தினமும் கடக்கிறவர்களுக்கு மனப்பாடம். சிக்னல் மாதக்கணக்கில் மஞ்சளாகவே மினுக்கும். மேன்ஹோல் மூடி சாலை மட்டத்துக்குக் கீழே இறங்கியிருக்கும். கேபிளுக்காகத் தோண்டிய பள்ளத்தில் மண்ணைத் தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள். ஒரு மழைக்கு அது மறுபடி வாய் பிளக்கும். புகார் சொன்னால், “அது எங்க டிபார்ட்மென்ட் இல்லீங்க” என்பார்கள்.

அந்தப் பதிலில் பாதி உண்மை. நாம் ஒரே சந்திப்பாகப் பார்ப்பது, அரசுக் கணக்கில் பல துண்டுகள். ‘சந்திப்பு மோசமாக இருக்கிறது’ என்று பொதுவாக எழுதும் மனு யாருடைய மேசையிலும் தங்காது. குறைகளைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் உரிய துறையிடம் பதிவு செய்வதுதான் முதல் வேலை.

எது யார் பொறுப்பு?

சென்னையை எடுத்துக்கொள்வோம். உட்புறச் சாலைகள், பெரும்பாலான பேருந்துச் சாலைகள், நடைபாதை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால் ஆகியவை மாநகராட்சியைச் சேர்ந்தவை; புகார் எண் 1913. அண்ணா சாலை, உள்வட்டச் சாலை போன்றவை மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் உள்ளன. கழிவுநீர் மேன்ஹோலுக்குக் குடிநீர் வாரியம்: 044-4567 4567. திறந்து கிடக்கும் மின்பெட்டிக்கும் தொங்கும் மின்கம்பிக்கும் மின்வாரியத்தின் சேவை மையமான மின்னகம்: 94987 94987. சிக்னலுக்குப் போக்குவரத்துக் காவல். எந்தத் துறை என்றே தெரியாவிட்டால் முதல்வரின் உதவி மைய எண் 1100, மாநிலம் முழுவதற்கும் பொது.

ஆபத்து எங்கே?

வெயில் காலத்தில் எரிச்சலூட்டும் குழி, மழைக்காலத்தில் உயிரைப் பறிக்கும். தேங்கிய நீர் பள்ளத்தை மறைத்துவிடும். பழுதான மின்பெட்டி அருகில் இருந்தால் அந்த நீரிலேயே மின்சாரம் பாயலாம். நடைபாதை உடைந்த இடத்தில் பள்ளிப் பிள்ளைகளும் முதியவர்களும் வண்டிகளுக்கு நடுவே இறங்கி நடக்கிறார்கள். சக்கர நாற்காலியில் வருபவருக்கோ கடக்க வழியே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

நல்ல நடைபாதை கேட்பது சலுகை கேட்பதாகாது. பாதசாரிகளுக்கு முறையான நடைபாதை இருப்பது அரசமைப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தெளிவுபடுத்தியது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்க்கப்பட்ட 198ஏ பிரிவு இன்னும் நேரடியானது. சாலை அமைப்பிலும் பராமரிப்பிலும் விதிக்கப்பட்ட தரத்தைப் பின்பற்றாததால் மரணமோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரிக்கோ ஒப்பந்ததாரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அந்தத் தொகை மோட்டார் வாகன விபத்து நிதிக்குத்தான் போகும். பாதிக்கப்பட்டவர் இழப்பீட்டுக்குத் தனியாக வழக்குத் தொடர வேண்டும்.

என்ன செய்யலாம்?

ஒரு குறைக்கு ஒரு புகார். தேதி தெரியும் புகைப்படம், அருகிலுள்ள கடை அல்லது மின்கம்ப எண், புகார் எண் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். வேலை நடக்காமலே ‘முடிக்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தால், அன்றைய புகைப்படத்தோடு மறுபடி பதியுங்கள். வார்டு கவுன்சிலரிடமும் பகுதி சபைக் கூட்டத்திலும் அதே எண்களைச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்தது தகவல் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனு போடலாம். ‘ஏன் சரிசெய்யவில்லை’ என்று கேட்காதீர்கள், ஆவணங்களைக் கேளுங்கள். சாலை கடைசியாக எப்போது போடப்பட்டது, ஒப்பந்ததாரர் யார், பழுதுக்கு அவர் பொறுப்பேற்கும் காலம் எதுவரை, பள்ளம் தோண்ட அனுமதி பெற்றவர் யார்? பொறுப்புக் காலம் முடியவில்லை என்றால் ஒப்பந்ததாரர் தன் செலவிலேயே சரிசெய்ய வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் பலன் இல்லையென்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்திடம் இரண்டாவது மேல்முறையீடு.

அதிலும் தீராத பொதுத் தொல்லைக்கு, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-வது பிரிவு இருக்கிறது. கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தால், தொல்லையை நீக்கும்படி அவர் உத்தரவிட முடியும்.

விபத்து நேர்ந்துவிட்டால் முதலில் 108. தமிழக எல்லைக்குள் விபத்தில் சிக்கும் எவருக்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் இலவசம். பள்ளம் மூடப்படுவதற்குள் அதைப் படமெடுத்துவிடுங்கள். புகார் மனுவிலும் முதல் தகவல் அறிக்கையிலும் சாலையின் நிலை எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ‘தானாக விழுந்தார்’ என்று எழுதிவிட்டால் இழப்பீட்டு வழக்கின் அடிப்படையே ஆட்டம் காணும்.

இதெல்லாம் ஆகிற காரியமா என்று தோன்றலாம். மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகரில் ஒரு வார்டு மக்கள், திறந்த சாக்கடையின் நாற்றம் தாங்காமல் அன்றைய சட்டத்தில் இதே வழியைத்தான் பிடித்தார்கள். ‘நிதி இல்லை’ என்று நகராட்சி உச்ச நீதிமன்றம் வரை போனது. 1980-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், பணமில்லை என்பது கடமையிலிருந்து தப்பிக்கக் காரணமாகாது என்று தீர்ப்பளித்தார்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பருக்குள் உங்கள் தெருவில் ஐந்து வீட்டார் சேர்ந்து, சந்திப்பின் குறைகளைப் பட்டியலிட்டு, ஆளுக்கொரு புகாரைப் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள்.