காலிஃபிளவர் விதைக்குப் பூட்டு, முள்ளங்கியில் சாவி: ஹைபிரிட் காய்கறிகளின் 'ஆண் மலட்டுத்தன்மை' என்பது என்ன?

நீங்கள் ஆர்டர் பண்ணும் கோபி மஞ்சூரியனில் இருப்பது ஹைபிரிட் காலிஃபிளவராக இருக்கலாம். அந்தச் செடியை அறுக்காமல் பூக்கவிட்டிருந்தால், பூவில் மகரந்தமே இல்லாமல் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. இது நோய் இல்லை, வேண்டுமென்றே செய்த ஏற்பாடு.

எதற்காக?

இரண்டு வெவ்வேறு வரிசைச் செடிகளைக் கலந்தால்தான் ஹைபிரிட் விதை கிடைக்கும். ஆனால் கோஸ் குடும்பத்துப் பூக்களில் ஆண், பெண் உறுப்புகள் ஒன்றாகவே இருக்கும். அத்தனை சின்னப் பூக்களிலும் மகரந்தப் பையைக் கையால் கிள்ளி எடுப்பது நடக்கிற காரியமா? தாய்ச்செடியில் மகரந்தமே வராமல் செய்துவிட்டால், பக்கத்து வரிசையிலிருந்து தேனீ கொண்டுவந்து சேர்த்துவிடும்.

இதற்கு உதவும் குணத்தை 1968-இல் ஒரு முள்ளங்கியில் கண்டறிந்து சொன்னவர் ஜப்பானின் ஒகுரா. காரணமான மரபணு மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியா தாய்வழியாக வருவதால், மலட்டுத்தன்மையும் தாய்வழிச் சொத்து.

கடுகில் மட்டும் ஏன் மலட்டுத்தன்மையை நீக்குகிறார்கள்?

கடுகில் நமக்கு வேண்டியதே விதை. விவசாயியின் வயலில் பூ மலடாக இருந்தால் விளைச்சல் போச்சு. அதனால் மகரந்தத்தை மீட்கும் மரபணு தந்தைச் செடியில் இருந்தாக வேண்டும். சர்ச்சைக்குள்ளான டிஎம்ஹெச்-11 மரபணு மாற்றுக் கடுகில் 'பார்னேஸ்' மலடாக்கும், 'பார்ஸ்டார்' மீட்கும். கோஸில் நாம் சாப்பிடுவது இலையைத்தானே? அதனால் அங்கே மீட்பு தேவைப்படவில்லை.

அப்புறம் என்ன பிரச்சினை?

2001-ஆம் ஆண்டு பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு, பதிவு செய்த ரகத்தை வைத்துப் புது ரகம் உருவாக்க ஆராய்ச்சியாளருக்கு உரிமை தருகிறது. ஆனால் மகரந்தமே இல்லாத செடியை வைத்து என்ன செய்வது? வேறு மகரந்தம் தூவினாலும், பிறக்கும் செடிகளும் மலடுதான். நோய் எதிர்ப்பு மாதிரியான நல்ல குணங்கள் உள்ளேயே பூட்டிக்கிடக்கும். சட்டம் திறந்த கதவை உயிரியல் சாத்திவிடுகிறது.

சாவி எது?

முள்ளங்கியிலேயே இருக்கும் 'ஆர்எஃப்ஓ' என்ற மீட்பு மரபணு. இதை பிரெஞ்சு விஞ்ஞானிகள் முதலில் ரேப்சீட் என்ற எண்ணெய் வித்துப் பயிருக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து கோஸ் குடும்பத்துக்கு மாற்றியவர்கள் சீன வேளாண் அறிவியல் அகாடமி ஆய்வாளர்கள். சுலபமான வேலை இல்லை: ரேப்சீடுக்கு 38 குரோமோசோம், கோஸுக்கு 18. கலப்பில் உருவாகும் கருவை ஆய்வகத்தில் காப்பாற்றி, தலைமுறை தலைமுறையாகக் கோஸுடன் திரும்பத் திரும்பக் கலக்க வேண்டும்.

இப்படிக் கிடைத்த செடியின் மகரந்தத்தை மலட்டு ஹைபிரிட்டில் தூவினால், பிறக்கும் செடிகளில் ஒரு பகுதிக்கு மகரந்தம் திரும்பும். அந்த மகரந்தத்தைச் சாதாரணத் தாய்ச்செடிக்குக் கொடுத்தால், நல்ல குணங்கள் வந்துசேரும், மலட்டு மைட்டோகாண்ட்ரியா வராது.

விவசாயி இனி ஹைபிரிட் விதையை எடுத்துவைக்கலாமா?

முடியாது. மகரந்தம் திரும்பினாலும், ஹைபிரிட்டின் அடுத்த தலைமுறையில் குணங்கள் பிரிந்துபோகும். ஒரு செடி மாதிரி இன்னொன்று இருக்காது. சாவி கிடைத்திருப்பது ரகம் உருவாக்குபவர்களுக்கு. அது ஒருசில நிறுவனங்களின் கையில் மட்டும் இல்லாமல் அரசு ஆராய்ச்சி நிலையங்களிலும் இருந்தால், விதைக்கடையில் விவசாயிக்குத் தேர்ந்தெடுக்க இன்னும் சில பாக்கெட்டுகள் இருக்கும்.