இட்டேரியை உழுதுவிட்டால் திரும்பக் கிடைக்காது

சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூர் செல்லும் நான்குவழிச் சாலையில் யாரும் விரும்பிச் சைக்கிள் மிதிப்பதில்லை. லாரி கடக்கும்போது அடிக்கும் காற்றே ஆளைத் தள்ளிவிடும். அதே சாலையை விட்டு ஏதாவது ஓர் ஊர்ப் பிரிவில் இறங்கி, பஞ்சாயத்துச் சாலையில் சிறிது தூரம் போய், ஒரு மண் தடத்தில் திரும்பிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கிளுவை வேலி. வேலியைப் பிடித்து ஏறிய கோவைக்கொடியும் பிரண்டையும். நடுவில் ஒரு மாட்டு வண்டி போகும் அளவுக்குத் தடம். மழைநீர் ஓடி ஓடி, தோட்டத்து மட்டத்தைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும். இதைத்தான் நம் பக்கத்தில் இட்டேரி என்கிறோம்.

காட்டுக்கு எரு கொண்டுபோகவும், விளைச்சலைக் களத்துக்குக் கொண்டுவரவும், ஆடு மாடுகள் பயிரில் வாய் வைக்காமல் மேய்ச்சலுக்குப் போகவும் நம் முன்னோர் விட்டு வைத்த தடம் இது. வண்டி மாடுகள் குறைந்த பிறகு இட்டேரியில் நடமாட்டமும் குறைந்தது. நடமாட்டம் இல்லாத தடத்தில் முதலில் சீமைக்கருவேலம் முளைக்கும். பிறகு பக்கத்துக் காட்டின் ஏர் ஒரு சால் உள்ளே வரும். அடுத்த ஆண்டு இன்னொரு சால். பத்து ஆண்டுகளில் தடம் இருந்த இடமே தெரியாது. அறுவடை இயந்திரம் கொண்டுவர வேண்டிய நாளில்தான், உள்ளே இருக்கும் காட்டுக்காரருக்குத் தன் நிலத்துக்கு வழி இல்லை என்பது தெரியவரும்.

இன்று இந்தத் தடங்களுக்குச் சைக்கிள்காரர்கள் மூலம் மறுபடியும் வேலை வந்திருக்கிறது. நகரத்து இளைஞர்கள் விடுமுறைக் காலைகளில் லாரிச் சத்தம் இல்லாத சாலை தேடி வருகிறார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளும் வீட்டு வாசலில் நிற்கிறது. இவர்கள் போய்வரும் தடம் பிழைத்துக்கொள்ளும்.

எங்கே மிதிக்கலாம்?

ஆற்றுப்பாசனப் பகுதியில் இரண்டு வழிகளைச் சொல்லலாம். முதலாவது, காவிரியின் வடகரை. ஜேடர்பாளையம் தடுப்பணையில் தொடங்கி பிலிக்கல்பாளையம், பாண்டமங்கலம், பொத்தனூர், பரமத்திவேலூர், நன்செய் இடையாறு வழியாக மோகனூர் வரை செல்லலாம். மெதுவாக மிதித்தாலும் ஒரு நாளில் முடியும். வழியெங்கும் ராஜவாய்க்கால் பாசனம். இந்த வாய்க்காலை வெட்டியவர் என்று இப்பகுதி மக்கள் போற்றும் அல்லாள இளைய நாயக்கருக்கு ஜேடர்பாளையத்தில் சிலை இருக்கிறது. கரும்பு, வாழை, வெற்றிலைக் கொடிக்கால், தென்னை, கோரை என்று பயிர் மாறிக்கொண்டே வரும். வெல்லம் காய்ச்சும் ஆலைக் கொட்டகையின் மணம் தூரத்திலேயே தெரியும்.

இரண்டாவது, மேட்டூர் கிழக்குக்கரைக் கால்வாயை ஒட்டிய ஊர்கள். பூலாம்பட்டி, தேவூர், குமாரபாளையம் என்று கால்வாய் போகும் திசையிலேயே போகலாம். கிழக்குக்கரைக் கால்வாய் 27,000 ஏக்கருக்கும், எதிர்ப்புறம் உள்ள மேற்குக்கரைக் கால்வாய் 18,000 ஏக்கருக்கும் பாசனம் தருபவை. அணையில் நீர் இருக்கும் ஆண்டுகளில் ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 15 வரை தண்ணீர் விடுவது வழக்கம். அந்த நாட்களில் கரை ஓரம் வழுக்கும். கால்வாய்க் கரை நீர்வளத்துறையின் ஆய்வுப் பாதை என்பதால், தடுப்பு போட்டிருக்கும் இடத்தில் ஊர்ச் சாலைக்கு இறங்கிவிட வேண்டும்.

இட்டேரிகளைப் பார்க்க வேண்டுமானால் மானாவாரிப் பக்கம் போக வேண்டும். ராசிபுரம், வெண்ணந்தூர், மல்லசமுத்திரம், திருச்செங்கோடு வட்டாரங்களில் சோளம், நிலக்கடலை, ஆமணக்கு, மரவள்ளி விளையும் காடுகளுக்கு நடுவே இன்னும் சில மிச்சம் இருக்கின்றன. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, மார்கழி, தை மாதங்கள் மிதிக்க ஏற்றவை. கியர் வைத்த விலை உயர்ந்த சைக்கிள் வேண்டியதில்லை. அகலமான டயரும் பஞ்சர் ஒட்டும் சாமானும் இருந்தால் போதும். இட்டேரியில் கருவேல முள்ளும் நெருஞ்சியும் யாரையும் விட்டுவைப்பதில்லை.

வேலி செய்யும் வேலை

இட்டேரி என்றால் தடம் மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. அதன் இரு பக்க உயிர்வேலியும் சேர்ந்ததுதான் இட்டேரி. கிளுவை, திருகுகள்ளி, நொச்சி, ஆவாரை, வேலிப்பருத்தி, முசுமுசுக்கை, தூதுவளை என்று ஒரே வேலியில் பல செடிகள் இருக்கும். கிளுவைத் தழை ஆட்டுக்குத் தீவனம். நொச்சித் தழை பூச்சிவிரட்டிக் கரைசலுக்கு உதவும். வேலியில் தங்கும் கரிச்சான் குருவி பயிரில் உள்ள புழுவைத் தின்னும். சாரைப்பாம்பும் கீரியும் எலியைப் பிடிக்கும். ஆடிக் காற்றின் வேகத்தை வேலி தணிக்கும். சரிவில் ஓடும் மழைநீரோடு மேல்மண் போவதையும் குறைக்கும். கல் கால் நட்டுக் கம்பி கட்டினால் மாடு உள்ளே வராது, அவ்வளவுதான். மேலே சொன்ன வேறெந்தப் பயனும் கம்பி வேலியில் கிடைக்காது.

விவசாயிகள் சொல்லும் குறைகளிலும் உண்மை இருக்கிறது. உயிர்வேலி சில அடி நிலத்தை எடுத்துக்கொள்கிறது. நிழல் விழும் ஓரச் சால்களில் விளைச்சல் குறைகிறது. மயில் தங்க இடம் கிடைக்கிறது. முதல் இரண்டு குறைகளுக்கும் ஆண்டுக்கு ஒருமுறை வேலி கழிப்பதுதான் மருந்து. முன்பு ஆட்டுத் தழைக்காகவே வேலியைக் கழித்தார்கள். ஆடு வளர்ப்பு குறைந்ததும் வேலி கட்டுக்கு அடங்காமல் வளர்ந்துவிட்டது. மயில் தொல்லைக்கு வேலியை அழிப்பது தீர்வாகாது. கம்பி வேலி போட்ட காட்டிலும் மயில் இறங்கத்தான் செய்கிறது.

பிரான்ஸ் கற்ற பாடம்

நம் இட்டேரியைப் போன்ற தடங்கள் பிரான்ஸ் நாட்டிலும் உண்டு. நார்மண்டி, பிரித்தானி பகுதிகளில் வயல்களைச் சுற்றி மண் வரப்பு எழுப்பி, அதன்மேல் மரமும் செடியும் வளர்த்த வேலிகள் இருக்கும். அவற்றுக்கு நடுவே வண்டி ஓடித் தாழ்ந்துபோன தடங்கள். இன்று சைக்கிள்காரர்கள் தேடிப் போகும் அமைதியான வழிகளில் இவையும் அடக்கம். நார்மண்டிக் கடற்கரையிலிருந்து லா ரோஷெல் நகரம் வரை 600 கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஒரு சைக்கிள் வழி இந்த வேலிக் காட்டைக் கடந்துதான் போகிறது.

ஆனால் அங்கே பெரும்பகுதி வேலி அழிந்துவிட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டிராக்டர் ஓட்ட வசதியாகச் சிறு வயல்களை ஒன்று சேர்க்கும் திட்டத்தை அரசே நடத்தியது. 1950 முதல் இதுவரை ஏறக்குறைய 70 விழுக்காடு வேலிகள் போய்விட்டன. மேல்மண் அரிப்பு, பூச்சியைத் தின்னும் பறவைகள் குறைவது போன்ற விளைவுகள் பின்னால் தெரிந்தன. 2023-ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசு வேலிகளுக்கென்றே ஒரு திட்டம் அறிவித்தது. 2030-க்குள் 50,000 கிலோமீட்டர் வேலியைக் கூடுதலாக்குவது அதன் இலக்கு. அரசே முன்னின்று பிடுங்கியதை இன்று அரசே பணம் கொடுத்து நடுகிறது.

தடங்களுக்கும் அங்கே இதே சிக்கல்தான். ஊராட்சிக்குச் சொந்தமான கிராமத் தடத்தை ஒருவர் 30 ஆண்டுகள் தடையின்றித் தன் வசம் வைத்திருந்தால் அது அவருக்கே சொந்தமாகிவிட வாய்ப்பு உண்டு. அப்படிப் பல தடங்கள் வயலோடு கலந்தன. 2022-ஆம் ஆண்டு வந்த ஒரு சட்டம், தன் தடங்களைக் கணக்கெடுக்க ஊர் மன்றம் தீர்மானம் போட்டால் அந்தக் காலக்கணக்கை நிறுத்தி வைக்க வழி செய்தது. முதலில் எண்ணு, பிறகு காப்பாற்று என்பதே அதன் சாரம். இது நமக்கும் பொருந்தும்.

உங்கள் ஊர் இட்டேரி யாருடையது?

இதைத் தெரிந்துகொள்ள அலைய வேண்டியதில்லை. தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் புலப்படமும் அ-பதிவேடும் கிடைக்கின்றன. கிராம நிர்வாக அலுவலரிடமும் கேட்கலாம். பார்க்க வேண்டியவை இரண்டு. இட்டேரிக்குத் தனிப் புல எண் இருந்து, அ-பதிவேட்டில் வண்டிப்பாதை புறம்போக்கு என்று இருந்தால் அது அரசு நிலம். அதில் ஆக்கிரமிப்பு இருந்தால் 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி அறிவிப்பு கொடுத்து அகற்றலாம். தாசில்தாரிடம் மனு கொடுக்க வேண்டும். ஜமாபந்தியிலும் கொடுக்கலாம்.

சில தடங்கள் பட்டா நிலத்துக்குள்ளேயே செல்லும். புலப்படத்தில் பாதையாகக் கோடு காட்டப்பட்டிருந்தால், அந்தப் படத்தின் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். படத்திலும் இல்லாமல் வழக்கத்தில் மட்டும் உள்ள வழி என்றால், 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் கைகொடுக்கும். ஒரு வழியை வெளிப்படையாக, தகராறு இன்றி, உரிமையோடு 20 ஆண்டுகள் இடைவிடாமல் பயன்படுத்தியதை நிரூபித்தால் வழியுரிமை கேட்கலாம். வேறு வழியே இல்லாமல் பாகப்பிரிவினையில் உள்ளே மாட்டிக்கொண்ட நிலத்துக்கும் அச்சட்டத்தில் வழி உண்டு. கோர்ட்டுக்குப் போவதற்கு முன்பு, பக்கத்துக் காட்டுக்காரரோடு பேசி எழுத்தில் ஒப்பந்தம் செய்து பதிவு செய்துகொள்வது இரண்டு குடும்பத்துக்கும் நல்லது.

பயன்படுத்தியதை நிரூபிக்க வேண்டும் என்ற இடத்தில்தான் சைக்கிளின் அருமை தெரிகிறது. நாள்தோறும் பால் கேன் கட்டிய சைக்கிளும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் போய்வரும் தடத்தை ஏர் எளிதில் தொடாது.

வேலியைப் புதுப்பிக்க

இடைவெளி விழுந்த வேலியில் கிளுவைப் போத்து நடுவது செலவில்லாத வேலை. முற்றிய கிளையாக வெட்டி, மழை தொடங்கும் நேரத்தில் நெருக்கமாக நட வேண்டும். துளிர்த்த பிறகு கிளைகளைப் பின்னிவிட்டால் ஆடு நுழையாது. முதல் ஆண்டு மேய்ச்சலிலிருந்து காக்க வேண்டும். சீமைக்கருவேலத்தைச் சிறு செடியாக இருக்கும்போதே வேரோடு பிடுங்கிவிடுங்கள். வெட்டிவிட்டால் மறுபடியும் துளிர்க்கும். ஒரே வகைச் செடியாக நடாமல் நொச்சி, ஆவாரை என்று கலந்து நடுங்கள். ஒன்றுக்கு நோய் வந்தாலும் வேலி நிற்கும்.

வருமானம் வருமா?

கொஞ்சம் வரும். இளநீர், வாழைப்பழம், சூடான வெல்லம், கடலை ஆகியவற்றைத் தோட்டத்து வாசலிலேயே விற்கலாம். உணவுப் பண்டம் விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆனால் இதை நம்பிக் கடன் வாங்கி அறை கட்ட வேண்டாம். வருகிறவர்களிடம் சில விஷயங்களை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மருந்து அடிக்கும் நாளில் உள்ளே வரக் கூடாது. பிளாஸ்டிக்கை வேலியில் வீசக் கூடாது. கரும்பு டிராக்டருக்கு ஒதுங்கி நிற்க வேண்டும்.

பெரிய லாபம் நமக்கே. அறுவடை இயந்திரமும் பால் வண்டியும் காட்டு வாசல் வரை வரும் தடம் மிஞ்சும்.

வேளாண் துறை, தோட்டக்கலைத் துறைக் களப்பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது புலப்பட நகலோடு, ஊர்க்காரர் இரண்டு பேரை அழைத்துக்கொண்டு, சைக்கிளில் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். படத்தில் இருந்து தரையில் இல்லாத தடம் எது, தரையில் இருந்து படத்தில் இல்லாத தடம் எது என்று ஒரு பட்டியல் எடுங்கள். ஆண்டுக்கு 6 முறை கூடும் கிராமசபையில் ஒன்றில் அந்தப் பட்டியலைப் படித்துத் தீர்மானமாக்கச் சொல்லுங்கள். இட்டேரி எங்கே இருந்தது என்று சுட்டிக்காட்டத் தெரிந்த பெரியவர்கள் இன்றும் ஊரில் இருக்கிறார்கள். அவர்களைச் சாட்சியாக வைத்துக்கொண்டு இந்த ஆண்டே இதைச் செய்துவிடுவது நல்லது.