கோபத்துக்கு ஓர் எடைக்கல்

குழந்தைக்குச் சுரம் என்றால் வெப்பமானியை வைத்துப் பார்த்து, ‘102 டிகிரி’ என்று சொல்லிவிடுகிறோம். எடுத்ததற்கெல்லாம் சீறி விழுகிற குழந்தைக்கு எதை வைத்துப் பார்ப்பது? ‘வயசுக் கோளாறு’ என்பார் தகப்பனார். ‘அப்படியே அவன் தாத்தாவின் சுபாவம்’ என்பாள் பாட்டி. இது சுபாவந்தானா, வைத்தியரிடம் காட்ட வேண்டிய மனத்துயரின் அடையாளமா என்று தெரியாமல் தாயார் தவிப்பாள்.

இந்தத் தவிப்புக்கு உதவியாக மனோதத்துவ அறிஞர்கள் கண்ட சாதனம் கேள்விப் பத்திரம். ஸ்ட்ரிங்காரிஸ் என்னும் மனநோய் வைத்தியரும் அவருடைய சகாக்களும் 2012-ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறு பத்திரம் ஒன்று பல தேசங்களில் வழங்கி வருகிறது. அதில் ஏழே கேள்விகள். சென்ற ஆறு மாத காலத்தில், சம வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால், எளிதில் கோபம் மூளுகிறதா, மூண்ட கோபம் நெடுநேரம் நீடிக்கிறதா என்பன போன்ற கேள்விகள் ஆறு. ‘இல்லை’ என்றால் 0. ‘ஓரளவு’ என்றால் 1. ‘நிச்சயமாக’ என்றால் 2. ஆகவே மொத்தம் 12-க்கு மேல் போகாது. இந்தக் குணத்தால் தொல்லை விளைகிறதா என்பது ஏழாவது கேள்வி. குழந்தைக்கு ஒன்று, பெற்றோருக்கு ஒன்று என இரண்டு வகைப் பத்திரங்கள் உண்டு.

ஏழு கேள்விகளைத் தமிழாக்குவது ஒரு பிற்பகல் வேலைதானே என்று தோன்றலாம். அங்கேதான் அபாயம் இருக்கிறது. அகராதி ‘எரிச்சல்’ என்ற சொல்லை எடுத்துக் கொடுக்கும். ‘உங்களுக்கு அடிக்கடி எரிச்சல் உண்டாகிறதா?’ என்று கேட்டால், ‘ஆமாம், சாப்பிட்டவுடன் நெஞ்செல்லாம் எரிகிறது’ என்று ஒருவர் வெகு யோக்கியமாகப் பதில் சொல்வார். ‘கோபம்’ என்று போட்டாலோ, நியாயமான காரணத்துக்கு வரும் கோபமும் அதில் அடங்கிவிடும். காரணமற்ற சிடுசிடுப்பு, சட்டென்று பொங்கி அடங்கும் முன்கோபம், நாட்கணக்கில் மனத்தில் வைத்திருக்கும் வன்மம் ஆகியவை வெவ்வேறு என்பது நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். கேள்விப் பத்திரத்துக்கும் தெரிய வேண்டாமா?

ஆகையால் இத்துறையில் ஒரு முறை ஏற்பட்டிருக்கிறது. இருவர் தனித்தனியே மொழிபெயர்த்து ஒத்துப் பார்ப்பார்கள். மூலத்தைக் கண்ணால் பாராத மூன்றாமவர் அந்தத் தமிழை மறுபடியும் இங்கிலீஷாக்குவார். நல்ல முறைதான், ஆனால் போதாது. ‘எரிச்சல்’ இங்கிலீஷுக்குச் சரியாகவே திரும்பிப் போய்விடும். நெஞ்செரிச்சல்காரர் யார் கண்ணிலும் படமாட்டார். அவரைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், சாதாரண ஜனங்களோடு உட்கார்ந்து, ‘இந்தக் கேள்வி எதைக் கேட்பதாக நினைக்கிறீர்கள்?’ என்று விசாரிக்க வேண்டும்.

உண்மையான பரீட்சை அதற்குப் பிறகுதான். பல நூறு பேரிடம் பத்திரத்தைக் கொடுக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்துக் கேட்டாலும் பதில்கள் பெரும்பாலும் ஒத்திருக்கின்றனவா? கேள்விகள் ஒன்றையொன்று ஆதரிக்கின்றனவா? இதைச் சோதிக்கக் கிரான்பாக் என்பவர் 1951-இல் பிரபலப்படுத்திய கணக்கு ஒன்று உண்டு. ஆனால் எப்பொழுதும் ஒரே அளவு குறைத்து நிறுக்கும் தராசும் நிலையான தராசுதான்! எனவே, பத்திரத்தைப் பாராமல் வைத்தியர் தனியே விசாரித்துக் கண்ட முடிவோடு ஒப்பிட வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே எண் ஒரே பொருளைத் தருகிறதா என்றும் பார்க்க வேண்டும். ‘இத்தனைக்கு மேல் போனால் கவலைப்பட வேண்டும்’ என்று வேறு தேசத்தில் போட்ட கோட்டை இரவல் வாங்க முடியாது. பிரேஸில் தேசத்தார் இதே பத்திரத்தைத் தங்கள் போர்ச்சுகீஸ் பாஷைக்கு ஏற்பச் செப்பனிட்டு, தங்கள் பிள்ளைகளிடையே சோதித்து, 2013-இல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

இவ்வளவு சிரமம் எதற்கு? கோபத்தை விழுங்கிப் பழகிய பெண் குழந்தை ஒருத்தி, ‘இல்லை, இல்லை’ என்றே எழுதிவிட்டுத் துயரத்தோடு வீடு திரும்பக் கூடாது. கேள்வி புரியாமல் எழுதிய பதிலுக்காக ஒரு துடுக்குப் பையனை நோயாளி என்று முத்திரை குத்தவும் கூடாது.

அந்நிய தேசத்து அறிவு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நல்ல எடைக்கல் எங்கே வார்த்தாலும் நல்ல எடைக்கல்தான். ஆனால், காய்கறிக் கடையில் எடைக்கல்லைத் திருப்பிச் சர்க்கார் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிற நாம், நம் குழந்தைகளின் மனத்தை நிறுக்க வரும் கல்லைத் திருப்பிப் பாராமல் ஏற்கலாமா? அது தமிழில் எழுதியிருந்தால் மட்டும் போதாது. தமிழ்க் குழந்தைகளிடையே சோதித்துப் பார்த்த முத்திரையும் அதில் இருக்க வேண்டும்.