சார்பும் சாந்தியும்

உலகத்து மக்கள் அனைவரும் வேண்டி நிற்பது மன அமைதி. ஒருவர் கல்வி, செல்வம், பதவி, புகழ் என்பனவற்றைத் தேடுவதும், மற்றொருவர் அவற்றைத் துறந்து தனியிடம் நாடுவதும் இவ்வொன்றன் பொருட்டேயாம். முன்னவர், வேண்டியன யாவும் வந்து சேரின் உள்ளம் நிறையும் என எண்ணுகின்றார். பின்னவர், எல்லாத் தொடர்புகளையும் அறுத்துவிடின் உள்ளம் ஓயும் என எண்ணுகின்றார். இவ்விரு நெறிகளும் ஒன்றற்கொன்று முரண்பட்டனவாகத் தோன்றினும் இரண்டிற்கும் அடிப்படையாய் அமைந்த எண்ணம் ஒன்றே. உயிர் தனக்குத் தானே தலைவனாய் நின்று, பொருள்களைச் சேர்த்தோ விலக்கியோ தன் அமைதியைத் தானே ஆக்கிக்கொள்ள வல்லது என்பதே அவ்வெண்ணம்.

சைவசித்தாந்தம் இதனை உடன்படுவதில்லை. உயிரின் அமைதி, அது பெற்ற பொருளையோ விட்ட பொருளையோ பற்றியதன்று. அது சார்ந்து நிற்கும் பொருளைப் பற்றியது என்பதே சித்தாந்தத்தின் முடிபு. இம்முடிபு எவ்வாறு பெறப்பட்டது என்பதையும், சமயகுரவர் நால்வர் வாழ்வில் அஃது எங்ஙனம் விளக்கமுற்றது என்பதையும் ஈண்டு ஒருசிறிது நோக்குவாம்.

13 ஆம் நூற்றாண்டில் மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதம் 12 சூத்திரங்களால் ஆகிய சிறு நூல். பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளின் இயல்பும் அவற்றிடையேயுள்ள தொடர்பும் அதன்கண் ஆராயப்படுகின்றன. அவற்றுள் பசு எனப்படும் உயிர் சதசத்து எனப் பெயர் பெறும். சத்தாகிய இறைவனைச் சாருங்கால் சத்தின் இயல்பையும், அசத்தாகிய உலகைச் சாருங்கால் அசத்தின் இயல்பையும் அது பெறுதலின் அப்பெயர் எய்திற்று. இதனையே சார்ந்ததன் வண்ணமாதல் என்பர் சித்தாந்த நூலோர். செம்மலரின் அருகே வைத்த பளிங்கு செந்நிறமாகவும், நீலமலரின் அருகே வைத்த பளிங்கு நீலநிறமாகவும் தோன்றுமாறு போல, உயிரும் தான் பற்றிய பொருளின் தன்மையாய் நிற்கும்.

கண்ணை எடுத்துக்கொண்டாலும் இவ்வுண்மை விளங்கும். காணும் ஆற்றல் கண்ணுக்கு உண்டு. ஆயினும் நள்ளிருளில் அதனை எவ்வளவு அகலத் திறந்து வைப்பினும் அது எதனையும் காண்பதில்லை. விளக்கொளி வந்து கூடியவழியே அதன் ஆற்றல் பயன் தருகின்றது. உயிருக்கும் அறிவு உண்டு; விருப்பு உண்டு; செயல் உண்டு. எனினும் அவை தாமே தொழிற்படா; உணர்த்தும் துணை ஒன்று அவற்றுக்கு இன்றியமையாதது. எனவே, சார்பின்றி நிற்றல் என்பது உயிருக்கு எக்காலத்தும் இல்லை. எதனைச் சார்வது என்பது ஒன்றே வினா.

உலகப் பொருளைச் சார்ந்தவன் அமைதி இழப்பதன் காரணம் இதனால் இனிது புலப்படும். பொருள் தீயது என்பது காரணமன்று. பொருள் நிலையாது என்பதே காரணம். ஆடும் கிளையைப் பற்றியவன் தானும் ஆடவேண்டியவனே. எல்லாவற்றையும் விட்டுத் தனித்திருப்போம் என்பவனோ, தன் முனைப்பாகிய ஆணவத்தையே சார்பாகக் கொள்கின்றான். செம்பில் களிம்பு போல உயிரோடு அநாதியே ஒட்டி நிற்பது அம்மலம். வெளித்தொடர்புகள் அற்றுப்போன பின்னும் யான், எனது என்னும் அப்பற்று உள்ளே நின்று துன்புறுத்துதல் கண்கூடு.

இவ்வுண்மையைத் திருவைந்தெழுத்து அழகுற அமைத்துக் காட்டுகின்றது. சிவாயநம என ஓதுங்கால் சிகரம் சிவத்தையும், வகரம் திருவருளையும், யகரம் உயிரையும், நகரம் மறைப்பாற்றலையும், மகரம் மலத்தையும் குறிக்கும் என்பர். யகரமாகிய உயிர் நடுவே நிற்கின்றது. அதன் ஒருபுறத்தில் சிவமும் அருளும் உள்ளன. மறுபுறத்தில் மறைப்பும் மலமும் உள்ளன. நடுநின்ற உயிர் முகத்தை எப்புறம் திருப்புகின்றதோ அப்புறத்து வண்ணமாகின்றது. இறைவனை அடைய அது நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. முகம் திரும்பின் அமையும். நாள்தோறும் நம் நாவில் பயிலும் ஐந்தெழுத்துள் உயிரின் வரலாறு முழுவதும் இவ்வாறு அடங்கியிருத்தல் சிந்திக்கத்தக்கது.

இனி, முகம் திரும்பிய உயிர் இறைவனோடு கொள்ளும் உறவு எத்தகையது எனக் காண்போம். மனிதர் இயல்பாக அறிந்துள்ள உறவுகளையே நம் முன்னோர் இதற்கு வாயிலாகக் கொண்டனர். ஆண்டானுக்கு அடிமை, தந்தைக்கு மகன், தோழனுக்குத் தோழன், தலைவனுக்குத் தலைவி என்பன அவை. இவற்றை முறையே தாசமார்க்கம், சற்புத்திரமார்க்கம், சகமார்க்கம், சன்மார்க்கம் எனவும், சரியை, கிரியை, யோகம், ஞானம் எனவும் கூறுவர். திருமூலர் திருமந்திரத்தின் ஐந்தாம் தந்திரத்திலும், அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியாரின் எட்டாஞ் சூத்திரத்திலும் இவற்றை விரித்துரைத்தனர். தாயுமானவர் இந்நான்கினையும் அரும்பு, மலர், காய், கனி என்பவற்றோடு ஒப்பிட்டார். ஆதலின் இவை ஒன்றையொன்று விலக்கும் நெறிகள் அல்ல. ஒரே அன்பின் வளர்ச்சிப் படிகளேயாம்.

தாசமார்க்கத்துக்கு எடுத்துக்காட்டாய் விளங்குபவர் திருநாவுக்கரசர். திருவாமூரில் மருள்நீக்கியார் என்னும் பெயரோடு பிறந்த அவர், இளமையிலேயே தாய்தந்தையரை இழந்தவர். நிலையாமை கண்டு உள்ளம் கலங்கிய அவர் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை அடைந்து, கலைகளைக் கற்றுத் தருமசேனர் என்னும் பெயரோடு தலைமையும் பெற்றார். கல்வியும் தலைமையும் வாய்த்த அந்நிலையிலேயே சூலைநோய் அவரைப் பற்றியது. பற்றுக்கோடு காணாத அவர் இரவோடிரவாகத் திருவதிகையில் இருந்த தமக்கையார் திலகவதியாரிடம் வந்து விழுந்தார். அம்மையார் திருநீறு அளித்துத் திருவீரட்டானத்துப் பெருமானிடம் அவரை அழைத்துச் சென்றார். உடன்பிறந்தாள் ஒருத்தியின் அன்பே இறையுறவுக்கு வாயிலாயிற்று என்பது ஈண்டு உணரற்பாலது. அதன்பின் அவர் கையில் உழவாரம் ஏந்தித் திருக்கோயில் முற்றங்களைச் செதுக்கித் திருத்துவதையே தம் வாழ்வாகக் கொண்டார். அவர் கண்ட அமைதி வேலையற்ற அமைதியன்று. கை ஓயாது பணிசெய்ய, உள்ளம் ஓய்ந்திருந்த அமைதி.

சற்புத்திரமார்க்கத்துக்குத் திருஞானசம்பந்தர் எடுத்துக்காட்டாவர். சீகாழித் திருக்குளத்தில் தந்தையார் நீருள் மூழ்கியபோது, அவரைக் காணாது கரையில் நின்று அழுத மூன்று வயதுக் குழந்தைக்கு உமையம்மையார் ஞானப்பாலூட்டிய வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் உரைக்கின்றார். துணை காணாமையால் எழுந்த அழுகையே என்றும் நீங்காத் துணையைக் காட்டிற்று. அச்சம் நீங்கிய உரிமையுணர்வு மகன்மை நெறியின் பயனாகும்.

இவ்விரு உறவுகளின் வேறுபாட்டைத் திருவீழிமிழலை நிகழ்ச்சி ஒன்று நயம்பட உணர்த்துகின்றது. பஞ்சம் நேர்ந்தபோது அடியார்க்கு அமுதளிக்கும் பொருட்டு இருவர்க்கும் நாள்தோறும் படிக்காசு இறைவனால் வழங்கப்பெற்றது. நாவுக்கரசர் பெற்ற காசு குறைவற்றதாய் இருக்க, சம்பந்தர் பெற்ற காசுக்குக் கடைத்தெருவில் வாசி கழிக்கப்பட்டது. கைத்தொண்டு செய்பவர்க்குக் கிடைத்தது முழுக்காசு. மகனுக்குக் கிடைத்தது வாசியுடைய காசு. சம்பந்தர் வாசி தீருமாறு பதிகம் பாடி வேண்ட, அக்குறையும் நீங்கிற்று. தொண்டின் மதிப்பையும் பிள்ளைமையின் உரிமையையும் ஒருங்கே காட்டும் இந்நிகழ்ச்சியில் மற்றொன்றும் மறைந்துள்ளது. இருவரும் பெற்ற காசு பிறர் பசிக்கே பயன்பட்டது. இறையுறவு உண்மையானதாயின் அது அயலார் பசியைக் காணாதிருக்க ஒண்ணாது.

சகமார்க்கத்துக்கு உரியவர் தம்பிரான் தோழர் எனப்படும் சுந்தரமூர்த்தி நாயனார். திருவொற்றியூரைப் பிரியேன் எனச் சங்கிலியார்க்குக் கூறிய சூளுறவைக் கடந்து சென்றமையால் அவர் இரு கண்ணொளியும் இழந்தார். திருவெண்பாக்கத்தில் அவர்க்குக் கிடைத்தது ஓர் ஊன்றுகோலே. காஞ்சியில் இடக்கண்ணும், திருவாரூரில் வலக்கண்ணும் பின்னரே பெற்றார். இடைப்பட்ட நெடுவழியில் அவர் இறைவனை வேண்டினார், நொந்தார், உரிமையோடு ஊடினார், ஆயின் உறவை முறித்தாரல்லர். வாய் திறந்து தன் துன்பத்தைச் சொல்லவும் கேட்கவும் இடந்தரும் உறவே நட்பு. துன்பத்தை மறைத்து முகத்தில் அமைதி காட்டுதல் பக்தியாகாது என்பதை அவர் வரலாறு நமக்குக் கற்பிக்கின்றது.

சன்மார்க்கத்துக்கு உரியவர் மாணிக்கவாசகர். பாண்டியன் அமைச்சராய்க் குதிரை கொள்ளச் சென்ற அவர் திருப்பெருந்துறையில் குருவடிவாக வந்த இறைவனால் ஆட்கொள்ளப்பட்டார். குருநாதர் மறைந்தபின் அவர் உற்ற பிரிவுத்துயர் 51 பகுதிகளையுடைய திருவாசகத்தில் பெரிதும் ஒலிக்கின்றது. பிரிவை அவ்வளவு ஆழமாக உணர்ந்த உள்ளமே கூடலின் முழுமையையும் உணர்ந்தது.

இந்நால்வர் வரலாறுகளையும் ஒருங்குவைத்து நோக்கின், இறைவனைச் சார்ந்தார்க்குத் துன்பமே வாராது என்னும் கொள்கைக்கு இடமில்லை என்பது தெளிவாகும். துன்பம் வரும், ஆனால் அது உயிரை அதன் நிலையினின்றும் பெயர்க்கமாட்டாது. நல்வினைப் பயனையும் தீவினைப் பயனையும் ஒப்ப நோக்கும் இந்நிலையைச் சித்தாந்தம் இருவினையொப்பு எனக் கூறும். அது பிறக்குங்கால் மலம் பக்குவமுறும், திருவருள் பதியும். இவை முறையே மலபரிபாகம், சத்திநிபாதம் எனப்படும்.

ஈண்டு ஒரு தவறான விளக்கத்தைக் களைதல் நம் கடன். நம் ஈழநாட்டில் 1983 ஆம் ஆண்டு முதல் 2009 ஆம் ஆண்டு வரை நிகழ்ந்த போரினாலும், 2004 ஆம் ஆண்டு மார்கழித் திங்கள் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையினாலும் மக்களையும் மனையையும் இழந்தோர் பலர். அவர்களை நோக்கி, இஃது உம் வினைப்பயன், அமைதி கொள்க எனக் கூறுவார் உளர். இருவினையொப்பு ஒருவன் தன்னுள்ளே அருளால் எய்தவேண்டிய நிலை. பிறன் துன்பத்தின்மீது நாம் கூறும் தீர்ப்பன்று. திங்களூரில் அப்பூதியடிகளின் மைந்தன் அரவு தீண்டி மாண்டதை அறிந்த நாவுக்கரசர் வினைக்கொள்கையை விரித்துரைத்தாரல்லர். அவ்வுடலைத் திருக்கோயிலின் முன் கொணர்வித்து உளமுருகிப் பாடினார். தனக்கு வந்ததைத் தாங்குதலும், பிறர்க்கு வந்ததைத் தாங்காது உருகுதலுமே சிவனைச் சார்ந்தாரின் இலக்கணமாம்.

அங்ஙனமாயின், இறைவனைச் சார்ந்த உயிர் தன்னை இழந்துவிடுமோ எனச் சிலர் ஐயுறலாம். இதற்கு 14 ஆம் நூற்றாண்டினராகிய உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனில் இலக்கணத்தினின்றும் ஓர் உவமை காட்டி விடையிறுத்தார். தாள், தலை என்னும் இரு சொற்கள் புணர்ந்து தாடலை என ஒரு சொல்லாகின்றன. கேட்போர் செவிக்கு அது ஒன்றே; ஆயினும் இரு சொற்களுள் எதுவும் அழிந்ததில்லை. உயிரும் சிவமும் கூடும் கூட்டமும் அத்தகையது. இதுவே மெய்கண்டார் கண்ட அத்துவிதம். இறைவன் தாளில் உயிரின் தலை பொருந்துதலையும் அச்சொல் தன்னுள் அடக்கியிருத்தல் அதன் தனிச்சிறப்பு. நிறைவு என்பது உயிர் அழிதலன்று. தனக்குரிய இடத்தில் அமைதலேயாம்.

இவ்வுறவு நூலறிவால் மட்டும் கைகூடுவதன்று, பயிற்சியால் வளர்வது. யாழ்ப்பாணத்தில் 1872 முதல் 1964 வரை வாழ்ந்த யோகர்சுவாமிகள், தம்மை நாடி வந்தோர்க்குச் சிவத்தியானத்தையும் சிவதொண்டையும் பிரியாத இரண்டாகவே காட்டினார். 1935 ஆம் ஆண்டில் அவர் வழியில் தோன்றிய திங்களிதழுக்குச் சிவதொண்டன் என்னும் பெயர் அமைந்ததும் இக்கருத்துப்பற்றியே எனலாம். காலையில் ஐந்தெழுத்தைச் சிந்தித்தலும், பகலில் ஏற்ற கடமையை இறைபணியாகச் செய்தலும், மாலையில் அன்றைய வெற்றியையும் தோல்வியையும் அவன் திருவடியில் வைத்தலும் மாணாக்கர்க்கும் இயல்வனவே. பரீட்சையில் முதன்மை பெற்றவன் அதனால் செருக்குறான். தவறியவன் அதனால் தன்னையே வெறுத்தொழியான். இருவரும் தத்தம் மதிப்பைப் பெறுபேற்றின்மீது நிறுத்தாது, மாறாத பொருளின்மீது நிறுத்தியிருத்தலே அதன் காரணம்.

உயிர் என்றும் ஒன்றைச் சார்ந்தே நிற்கும். பெயர்வதைச் சார்ந்தால் பெயரும். பெயராததைச் சார்ந்தால் நிலைபெறும். நடுநின்ற யகரம் அருளின் பக்கம் முகந்திரும்புவதாக. அத்திருப்பமே சாந்தியின் தொடக்கமும் நிறைவுமாம்.