உங்க காருக்கு ரீகால் வந்திருக்கா? கேட்டாத்தான் தெரியும்!



2018-ல தயாரான ஒரு காரை செகண்ட் ஹேண்ட்ல வாங்கியிருக்கீங்கனு வைங்க. வாரன்டி எப்பவோ முடிஞ்சு போச்சு. ஒருநாள் ஃப்யூவல் பம்ப் போயிடுது. ஒர்க்‌ஷாப்ல எஸ்டிமேட் கொடுக்கறாங்க, நீங்களும் கார்டைத் தேய்ச்சுட்டு வந்துடறீங்க. அதே பம்பை கம்பெனியே இலவசமா மாத்திக் கொடுத்துட்டு இருக்குன்னு தெரிஞ்சா எப்படி இருக்கும்?

இது நடக்கற விஷயம்தான். 2024 அக்டோபர்ல ஹோண்டா கார்ஸ் இந்தியா, பழைய சிட்டி, அமேஸ், ஜாஸ் உள்ளிட்ட 92,672 கார்களுக்கு ஃப்யூவல் பம்பை இலவசமா மாத்தறதா அறிவிச்சது. பம்புக்குள்ள இருக்கற இம்பெல்லர்ல குறை இருக்கலாம், அதனால வண்டி ஸ்டார்ட் ஆகாம போகலாம், ஓடும்போதே நின்னும் போகலாம்னு காரணம் சொன்னாங்க. இதுல 2,204 வண்டிகள், அந்தப் பம்பை முன்னாடியே ஸ்பேர் பார்ட்டா மாத்தினவை.

இந்த மாதிரி அறிவிப்பு வந்தா உங்களுக்குத் தெரியுமா? அதுக்கு முதல்ல ரெண்டு விஷயத்தைப் பிரிச்சுப் புரிஞ்சுக்கணும்.

ரீகால் என்பது என்ன?

பாதுகாப்பு அல்லது சட்ட விதி சம்பந்தப்பட்ட குறைக்காக, குறிப்பிட்ட தேதிகளுக்குள்ள தயாரான எல்லா வண்டிகளையும் கம்பெனி திரும்பக் கூப்பிட்டு சரிசெஞ்சு கொடுக்கறதுதான் ரீகால். பார்ட்டுக்கும் காசு இல்லை, லேபருக்கும் காசு இல்லை. வாரன்டி முடிஞ்சிருந்தாலும், நீங்க ரெண்டாவது ஓனரா இருந்தாலும் பரவாயில்லை. ரீகால் வண்டிக்குத்தான், ஆளுக்கு இல்லை.

நம்ம நாட்டுல 2012-ல இருந்து கார் கம்பெனிகள் சங்கமான சியாம் வகுத்த விதிப்படி கம்பெனிகள் தாங்களா முன்வந்து ரீகால் செய்யறாங்க. 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்துல 110ஏ பிரிவு சேர்ந்துச்சு. கம்பெனி தானா செய்யலைன்னா மத்திய அரசே உத்தரவு போடலாம். ரிப்பேர் பண்ணித் தரணும், வேற வண்டி தரணும், அல்லது முழுப் பணத்தைத் திருப்பித் தரணும். (வண்டி மேல லோன் இருந்தா, பணம் அந்த ஒப்பந்தத்துக்கு உட்பட்டுத்தான் வரும்.) 2021 ஏப்ரல் 1 முதல் அமலான விதிகள் 7 வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும். அபராதம் 10 லட்சத்துல இருந்து 1 கோடி வரை போகும்.

எல்லா ரீகாலும் ஒரே அளவு ஆபத்தும் இல்லை. 2020-ல மாருதி 40,453 ஈகோ வண்டிகளைக் கூப்பிட்டது ஹெட்லேம்ப்ல இருக்க வேண்டிய ஒரு சின்னம் விடுபட்டிருக்கலாம்னு. 2023 ஜனவரியில 17,362 வண்டிகளைக் கூப்பிட்டது ஏர்பேக் கன்ட்ரோலருக்காக. அப்போ பார்ட் மாத்தற வரைக்கும் வண்டியை ஓட்டவே வேண்டாம்னு சொன்னாங்க. அதனால, தலைப்போட நிறுத்தாம காரணத்தையும் படிங்க.

சர்வீஸ் புல்லட்டின் என்பது என்ன?

இது கம்பெனி டீலருக்கு அனுப்பற டெக்னிகல் குறிப்பு. "இந்த மாடல்ல இப்படி சத்தம் வந்தா, இந்தப் பார்ட்டை இப்படி மாத்துங்க"ங்கற மாதிரி இருக்கும். உங்களுக்கு எஸ்.எம்.எஸ். வராது, பேப்பர்லயும் வராது. புகாரோட வர்றவங்களுக்கு மட்டும் செய்வாங்க. வாரன்டிக்குள்ள இருந்தா இலவசம், முடிஞ்சிருந்தா பெரும்பாலும் உங்க செலவு.

புல்லட்டினோட நின்னு போனா என்ன ஆகும்ங்கறதுக்கு அமெரிக்காவுல ஒரு கசப்பான உதாரணம் இருக்கு. ஜெனரல் மோட்டார்ஸோட செவர்லே கோபால்ட் மாதிரி கார்கள்ல, ஓடும்போதே சாவி தானா திரும்பி இன்ஜின் ஆஃப் ஆகற குறை இருந்தது. இன்ஜின் ஆஃப் ஆனா பவர் ஸ்டீயரிங்கும் போச்சு, ஏர்பேக்கும் விரியாது. 2005 டிசம்பர்ல கம்பெனி டீலர்களுக்கு ஒரு புல்லட்டின் அனுப்புச்சு: சாவிக்கொத்துல கனமா எதையும் மாட்ட வேண்டாம்னு கஸ்டமர்கிட்ட சொல்லுங்க, புகார் சொல்றவங்களுக்கு சாவியோட துளையைச் சின்னதாக்கற ஒரு துண்டு கொடுங்கன்னு. ரீகால் வந்தது 2014 பிப்ரவரியில. அந்த வருஷமே சுமார் 26 லட்சம் கார்கள் ரீகால் ஆச்சு. இழப்பீட்டு நிதி ஏத்துக்கிட்ட மரணங்கள் மட்டும் 124.

இதுல உங்க பணம் எங்க இருக்கு?

கம்பெனிகளோட ஆண்டு அறிக்கையில வாரன்டிக்கான ஒதுக்கீடுன்னு ஒரு வரி பார்க்கலாம். வித்த வண்டிகளுக்குப் பின்னாடி வரப்போற செலவைக் கணிச்சு, முன்கூட்டியே கணக்குல எடுத்து வைக்கறது அது. அந்தச் செலவும் நீங்க கொடுத்த விலையில சேர்ந்ததுதான். தேவைப்படாத ஒதுக்கீடு பிறகு லாபத்துக்கே திரும்பிடும். அதனால வாரன்டிக்குள்ள குறையைச் சொல்லி சரிசெஞ்சு கேட்கறதுல தயங்க ஒண்ணுமே இல்லை.

இன்ஷூரன்ஸ் பார்த்துக்கும்னு நினைக்காதீங்க. வழக்கமான மோட்டார் பாலிசியில மெக்கானிகல், எலக்ட்ரிகல் பிரேக்டவுனுக்கு கவர் இல்லை. பம்ப் போனா ஒண்ணு கம்பெனி கொடுக்கணும், இல்லைன்னா உங்க சம்பளத்துல இருந்து போகும்.

செய்ய வேண்டியது

1. ஆர்.சி.யில இருக்கற 17 இலக்க சேசிஸ் நம்பரை போன்ல சேவ் பண்ணுங்க. இங்கிலீஷ் ஐ, ஓ, க்யூ எழுத்துகள் இதுல வராது. ஓ மாதிரி தெரிஞ்சா அது பூஜ்யம்.

2. கம்பெனி வெப்சைட்ல ரீகால் பகுதியில அந்த நம்பரைப் போட்டுப் பாருங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவை போதும்.

3. சர்வீஸுக்கு விடும்போது அட்வைசர்கிட்ட இப்படிக் கேளுங்க: "இந்த சேசிஸ் நம்பருக்கு ரீகாலோ, சர்வீஸ் கேம்பெய்னோ பெண்டிங் இருக்கா? இந்தப் பிரச்னைக்கு புல்லட்டின் ஏதாவது வந்திருக்கா?" பதிலை ஜாப் கார்டுல எழுதச் சொல்லுங்க.

4. வாரன்டிக்குள்ள இருக்கும்போதே ஒவ்வொரு குறையையும் தேதி, கிலோமீட்டரோட ஜாப் கார்டுல ஏத்துங்க. "ஓட ஓட சரியாயிடும் சார்"னு வாயால சொன்னா அது பதிவு கிடையாது. வாரன்டி முடிஞ்ச பிறகு அதே குறை வந்தா, குட்வில்ல செஞ்சு கொடுங்கன்னு கேட்க இந்தக் காகிதம்தான் உங்க பலம்.

5. செகண்ட் ஹேண்ட் கார்னா, கம்பெனி ரெக்கார்டுல பழைய ஓனர் நம்பர்தான் இருக்கும். ரீகால் மெசேஜ் அவருக்குத்தான் போகும். ஆத்தரைஸ்டு சர்வீஸ் சென்டர்ல உங்க நம்பரை மாத்துங்க. வாங்கறதுக்கு முன்னாடியே ரீகால் பாக்கி இருக்கான்னு பார்த்துடறது இன்னும் நல்லது.

6. ரீகால் வர்றதுக்கு முன்னாடியே அதே பார்ட்டைக் காசு கொடுத்து மாத்தியிருந்தா, பில்லை இணைச்சு கம்பெனிக்கு ஈமெயில் போட்டு ரீஃபண்ட் கேளுங்க. கிடைக்கும்னு உத்தரவாதம் இல்லை, ஆனா பில் இல்லாம கேட்கவே முடியாது.

டீலர் மறுத்தா முதல்ல கம்பெனிக்கு எழுத்துல புகார் கொடுங்க. அடுத்து தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915. அதுக்கு மேல மாவட்ட நுகர்வோர் ஆணையம். வழக்குக்கான காரணம் எழுந்த நாள்ல இருந்து 2 வருஷத்துக்குள்ள போகணும். கொடுத்த விலை 5 லட்சம் வரைன்னா கட்டணமே இல்லை, 10 லட்சம் வரைன்னா 200 ரூபாய்தான்.

மாசாமாசம் இ.எம்.ஐ. கட்டற காருக்கு, வருஷத்துக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கறது பெரிய விஷயம் இல்லை. ஆர்.சி.யை எடுங்க, இன்னைக்கே அந்த நம்பரைப் போட்டுப் பாருங்க. அப்பா, அம்மா போற வண்டிக்கும் சேர்த்துப் பார்த்துடுங்க.