பெரியப்பாவின் கட்டைவிரல் முளைக்குமா?

திருவண்ணாமலையில் பௌர்ணமி கிரிவலம் பெரியப்பாவுக்கு இருபது வருஷப் பழக்கம். 14 கிலோமீட்டர், வெறுங்காலோடு. சர்க்கரை வந்த பிறகும் விடவில்லை. போன வருஷம் ஒரு பௌர்ணமியில், குபேர லிங்கத்துக்குப் பக்கத்தில் பின்னால் வந்த ஒரு பெண்மணி “ஐயா, உங்க கால்ல ரத்தம்!” என்று கத்திய பிறகுதான் குனிந்து பார்த்திருக்கிறார். கட்டைவிரலுக்கு அடியில் கண்ணாடிச் சில்லு. அது எந்த லிங்கத்திடம் குத்தியது என்றே அவருக்குத் தெரியவில்லை. ஆறு வாரத்தில் விரலை எடுக்கவேண்டியதாயிற்று.

கட்டுப் பிரித்த அன்று டாக்டரிடம் அவர் கேட்டது இதுதான்: “ஏதோ ஜெல் வந்திருக்காமே, தடவினா விரல் முளைக்குமாமே?” எல்லாம் பேரன் காட்டிய ஆங்கிலப் படத்தின் கைங்கர்யம்!

சிரிக்காதீர்கள். இந்த ஆசை நமக்குப் புதிதில்லை. அனுமன் தூக்கி வந்த மலையில், அறுபட்ட உறுப்பை ஒட்டவைக்கும் சந்தானகரணி என்ற மூலிகை இருந்ததாம். அந்த மலையிலிருந்து விழுந்த துண்டுதான் கலசபாக்கம் பக்கத்துப் பர்வதமலை என்று இந்த மாவட்டத்துக்காரர்கள் இன்றும் சொல்வார்கள்.

மெக்ஸிகோவின் ஆக்ஸலோட்டல் என்ற நீர்வாழ் பிராணி, வெட்டுப்பட்ட காலை எலும்போடு திரும்ப வளர்த்துக்கொள்கிறது. நம் வீட்டுப் பல்லிக்கும் வால் முளைக்கும். ஆனால் உள்ளே எலும்புக்குப் பதில் குருத்தெலும்புதான். மனிதர்களில், ஈரலில் ஒரு பகுதியைத் தானம் கொடுத்தவருக்கு மிச்சம் வளர்ந்துவிடும். நகத்தின் அடிப்பகுதி மிஞ்சியிருந்தால் சிறு குழந்தையின் விரல் நுனியும் வளரலாம். அவ்வளவுதான். மற்றபடி நம் உடம்புக்குக் காயத்தைத் தழும்பால் மூடிவிடுவதில்தான் அவசரம்.

ஆனால், பெரியப்பா சொன்ன ஜெல் முழுப் பொய்யும் இல்லை. ஸ்டான்லி கோஹன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த எலிக்குட்டிகளுக்கு ஊசியாகப் போட்டார். குட்டிகள் வழக்கத்துக்கு முன்பே கண் திறந்தன. காரணம், தோல் செல்களை வளரத் தூண்டும் ஒரு புரதம். 1986-ல் நோபல் பரிசு கிடைத்தது. இதே வகையைச் சேர்ந்த இன்னொரு புரதத்தின் ஜெல்லை, சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்காக 1997-ல் அமெரிக்கா அனுமதித்தது. இப்போது நம் ஊரிலும் இப்படி ஜெல்கள் கிடைக்கின்றன. அழுகிய சதையை நீக்கி, காலுக்கு ரத்த ஓட்டமும் சரியாக இருந்து, பாதத்தை ஊன்றாமல் இருந்தால் புண் மூட அவை உதவும். விரல் முளைக்காது.

பெரியப்பாவுக்கு நடந்ததைப் புரிந்துகொள்ள வேலூருக்குப் போகவேண்டும். கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் சி.எம்.சி-க்கு வந்தார். தொழுநோய் விரல்களைத் தின்றுவிடுகிறது என்றுதான் அப்போது எல்லோரும் நம்பினார்கள். இல்லை, வலி தெரியாததால் சூடுபட்டும் அடிபட்டும் போகிறது என்று அவர் காட்டினார். தூங்கும்போது எலி கடித்துக்கூட விரல் போனது. அதற்கு அவர் செய்த வைத்தியம், ஆளுக்கொரு பூனை! சர்க்கரை நோயும் பாதத்து நரம்பை இப்படித்தான் மரக்கடிக்கிறது.

பெரியப்பாவுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்தது எம்.சி.ஆர் செருப்பு. “கிரிவலப் பாதையில செருப்பா?” என்று இரண்டு மாதம் வீட்டில் சண்டை. பெரியம்மா ராத்திரிதோறும் கண்ணாடி பிடித்து அவர் பாதத்தைப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறார்.

இப்போது கூட்டமில்லாத நாளில் ஆட்டோ கிரிவலம். எட்டு லிங்கத்துக்கும் உட்கார்ந்தபடியே கும்பிடு. அப்போது மட்டும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துக்கொள்கிறார்.