டிக்கெட் வாங்கிச் சாப்பிடும் விருந்து

விருந்துக்கு அழைப்பிதழ் வந்தால் நாம் முதலில் தேதியைப் பார்ப்போம். பிறகு இடத்தைப் பார்ப்போம். அப்புறம், மொய் எவ்வளவு எழுதுவது என்பதைப் பற்றி வீட்டுக்குள் ரகசியமாக ஓர் ஆலோசனை நடக்கும். அமெரிக்க நகரங்களில் வருஷந்தோறும் நடக்கும் ஒரு வகை விருந்தில் இந்தச் சங்கடமே கிடையாது. மொய்த் தொகையை அழைப்பிதழிலேயே அச்சடித்து விடுகிறார்கள்! தலைக்கு இத்தனை டாலர். பத்துப் பேர் உட்காரும் மேஜையை முழுவதாக எடுத்துக் கொண்டால் இத்தனை டாலர். பணத்தைக் கட்டினால்தான் நாற்காலி.

புதுக்கோட்டை, தஞ்சைப் பக்கத்து மொய் விருந்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கும் சகோதரிகள், "இதென்ன பெரிய அதிசயம்?" என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் மொய் விருந்தில் வாங்கின பணத்தை ஒரு நாள் திருப்பி எழுதியாக வேண்டும். நோட்டுப் புத்தகம் சாட்சி சொல்லும். அமெரிக்க விருந்தில் போட்ட பணம் போட்டதுதான். சாமானியக் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் வீடு கட்டிக் கொடுக்கும் தர்ம ஸ்தாபனத்தின் கஜானாவுக்கு அது போய்ச் சேருகிறது.

வாருங்கள், ஹாலுக்குள் எட்டிப் பார்ப்போம்.

பெரும்பாலும் ஒரு பெரிய ஹோட்டல். உள்ளே வட்ட வட்டமாக மேஜைகள். மேடைக்குப் பக்கத்தில் இருப்பவை பாங்கிகள் வாங்கிய மேஜைகள். அதற்கு அடுத்தாற்போல் கட்டட காண்டிராக்டர்கள், வக்கீல்கள், மற்றத் தர்ம ஸ்தாபனத்தார். நகரசபை அங்கத்தினர்களை மட்டும் சாம்பாருக்குப் பெருங்காயம் போல எல்லா மேஜைகளிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவியிருப்பார்கள். அதிகப் பணம் கொடுத்த கம்பெனிகளின் பெயர்கள் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் பிரிக்கப்பட்டு நிகழ்ச்சிப் புத்தகத்தில் அச்சாகியிருக்கும். சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இம்மாதிரிக் கூட்டங்களில் பரிமாறப்படும் கோழிக்கு அமெரிக்கர்களே 'ரப்பர் கோழி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

சாப்பாடு பாதி முடிகையில் கௌரவிப்பது ஆரம்பமாகும். ஒருவர் இருபது முப்பது வருஷம் வீட்டு வசதி வேலையிலேயே தலை நரைத்தவர். இன்னொருவர் தம் தெருவைத் திருத்தின குடும்பப் பெண். மூன்றாவது விருது ஏதாவது ஒரு பாங்கிக்கோ கம்பெனிக்கோ போகும். விருது பெறுகிறவர் தம் சிநேகிதர்களையும் மேஜை வாங்க வைப்பார் என்பது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு; யாரும் அதை வாய் விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

பிறகு ஓர் ஏலம். ஆனால் பொருள் எதுவும் கிடையாது! விருந்தாளிகள் ஒவ்வொருவர் கையிலும் எண் எழுதின விசிறி மாதிரி ஒரு மட்டை இருக்கும். மேடையில் இருப்பவர் ஒரு பெரிய தொகையைச் சொல்வார். அதைக் கொடுக்க மனமுள்ளவர்கள் மட்டையைத் தூக்க வேண்டும். அப்புறம் அதைவிடச் சின்னத் தொகை. அப்புறம் இன்னும் சின்னது. நம் ஊர் ஏலம் கீழிருந்து மேலே ஏறும். இது மேலிருந்து கீழே இறங்குகிறது. கடைசித் தொகைக்கு ஹால் முழுவதும் மட்டைகள் எழும்புமாம்.

சர்க்காரும் இந்த விருந்தை ஒரு கண்ணால் கவனித்துக் கொண்டுதான் இருக்கிறது. டிக்கெட்டுக்குக் கொடுத்த பணம் முழுவதையும் தர்மம் என்று சொல்லி வருமான வரியில் கழித்துக்கொள்ள முடியாது. சாப்பிட்ட சாப்பாட்டின் மதிப்பைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் தர்மக் கணக்கில் காட்டலாம். 75 டாலருக்கு மேற்பட்ட டிக்கெட்டானால், சாப்பாட்டின் மதிப்பு இவ்வளவு என்று ஸ்தாபனமே எழுத்து மூலம் தெரிவித்துவிட வேண்டும். ரப்பர் கோழிக்கு விலை மதிப்புப் போடுகிற அந்தக் காரியதரிசியின் பாடு கஷ்டம்தான்!

எல்லாம் சரி. வரிசை வரிசையாக மாடி வீடுகள் கட்டுகிற ஸ்தாபனத்துக்கு இந்த விருந்துப் பணம் எந்த மூலைக்கு?

வீட்டு நிர்வாகம் நடத்தும் பெண்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சம்பளப் பணத்துக்கெல்லாம் முன்கூட்டியே பெயர் எழுதியாகி விடுகிறது. அரிசிக்கு இவ்வளவு, பாலுக்கு இவ்வளவு, பள்ளிக்கூடத்துக்கு இவ்வளவு. ராத்திரி குழந்தைக்குத் திடீரென்று காய்ச்சல் வந்தால் கை எங்கே போகிறது? கடுகு டப்பாவுக்குத்தானே? அந்தச் சிறுவாட்டுப் பணம்தான் இந்த விருந்துப் பணம்.

கட்டடத்துக்கான பணம் வேறு வழிகளில் வருகிறது. 1986-ல் வந்த வரிச் சட்டத்தில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். குறைந்த வருமானக் குடும்பங்களுக்காகக் கட்டும் வாடகை வீடுகளில் முதல் போடுகிறவர்களுக்கு வருமான வரியில் சலுகை உண்டு. பாங்கிகளும் கம்பெனிகளும் அந்தச் சலுகைக்காகப் பணம் போடுகின்றன. அந்நாட்டில் இப்படிப்பட்ட வீடுகளில் பெரும்பாலானவை இந்த முறையில்தான் எழும்புகின்றன. ஆனால் அந்தப் பணத்தின் ஒவ்வொரு டாலர் மேலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்: இது செங்கல்லுக்கு, இது குழாய்க்கு. வேலை போனதால் ஒரு மாத வாடகை பாக்கி வைத்துவிட்ட தாய்க்கு அதிலிருந்து எடுத்துக் கொடுக்க முடியாது. பாக்கி நின்றால் வழக்கு. வழக்கு நடந்தது என்கிற பதிவு இருந்தாலே அடுத்த வீட்டுக்காரர் கதவைச் சாத்துவார். வெள்ளிக்கிழமைக்குள் சில நூறு டாலர் கிடைத்தால் குடும்பம் வீட்டிலேயே இருக்கும். சர்க்கார் மனு வெள்ளிக்கிழமைக்குள் மேஜையை விட்டு மேஜை நகர்ந்தாலே பெரிது. அங்கேதான் கடுகு டப்பா.

இந்தத் தேவை சின்னதும் அல்ல. வருமானத்தில் எவ்வளவு வாடகைக்குப் போகலாம் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு அளவுகோல் உண்டு. எட்வர்டு புரூக் என்ற செனட்டர் 1969-ல் கொண்டு வந்த திருத்தம், சர்க்கார் வீடுகளில் குடியிருப்பவர்களின் வாடகை வருமானத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது என்றது. 1981-ல் அதை 30 சதவிகிதமாக ஏற்றிவிட்டார்கள். 2022-ஆம் வருஷக் கணக்குப்படி, இந்த 30 சதவிகிதத்தைத் தாண்டிக் கொடுத்துக் கொண்டிருந்த வாடகைக் குடும்பங்கள் 2 கோடியே 24 லட்சம்! வாடகைக்குக் குடியிருப்பவர்களில் பாதிப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாங்கிகளுக்கு அந்த முன் வரிசை எப்படிக் கிடைத்தது? அதற்கு இரண்டு பெண்களின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

1930களின் பின்பாதியில், அமெரிக்க சர்க்காரைச் சேர்ந்த ஒரு வீட்டுக் கடன் ஸ்தாபனம் இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களுக்குப் படம் போட்டது. நல்ல பேட்டைக்குப் பச்சை, அடுத்தது நீலம், அதற்கு அடுத்தது மஞ்சள், கடன் கொடுப்பது ஆபத்து என்று கருதிய இடத்துக்குச் சிவப்பு. கறுப்பின மக்கள் வசித்த பேட்டைகளுக்கு அநேகமாக எங்கும் சிவப்புத்தான். பாங்கிகளின் மனசிலும் அதே வர்ணம்தான் இருந்தது. அந்தப் பேட்டையில் கூரை ஒழுகினால் பழுது பார்க்கக் கடன் கிடைக்காது. பழுது பாராத வீடு இற்றுப் போகும்; இற்றுப் போன வீட்டின் விலை இறங்கும்; கடைசியில் நகரசபை வந்து, "இது சேரி, இடித்துத் தள்ளு" என்று சொல்லும்.

பென்ஸில்வேனியா ராஜ்யத்திலுள்ள பிட்ஸ்பர்க் நகரில் அப்படித்தான் நடந்தது. 1950களின் பின்பாதியில் 'ஹில்' என்ற பேட்டையின் கீழ்ப்பகுதியை இடித்தார்கள். எட்டாயிரம் பேருக்கு மேல் வீடு இழந்தார்கள். அந்த இடத்தில் 1961-ல் ஒரு பிரம்மாண்டமான விளையாட்டு அரங்கம் திறக்கப்பட்டது. (அந்த அரங்கத்தையும் பின்னால் இடித்துவிட்டார்கள் என்பது வேறு கதை.)

அதே நகரத்தில், ஆற்றுக்கு அக்கரையில் வடக்குப் பேட்டையில் வசித்தவர் டாரதி மே ரிச்சர்ட்ஸன். 1922-ல் பிறந்த கறுப்பினப் பெண்மணி. பதவி எதுவும் இல்லை. அவருடைய பேட்டையிலும் வீடுகள் இற்றுக் கொண்டிருந்தன. இடித்துத் தள்ளும் பேச்சு அங்கேயும் வந்து விடக்கூடும் என்பது அவருக்குத் தெரியும். தெருக்காரர்களைத் திரட்டி ஒரு சங்கம் சேர்த்தார். 'சேரி வீடுகளை எதிர்க்கும் குடிமக்கள்' என்று அதற்குப் பெயர். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்தால் 'காஷ்' என்று வரும். ரொக்கம்! என்ன தேவை என்பதைப் பெயரிலேயே சொல்லி விட்டார்.

இடிக்க வேண்டாம், பழுது பார்க்கக் கடன் கொடுங்கள் என்பதுதான் டாரதியின் ஒரே கோரிக்கை. பாங்கிக்காரர்களையும் நகரசபை உத்தியோகஸ்தர்களையும் தெருவுக்கே வரவழைத்துப் பேசினார்கள். கடைசியில் பதினாறு பாங்கிகளும் கடன் ஸ்தாபனங்களும் அந்தப் பேட்டையில் கடன் கொடுக்கச் சம்மதித்தன. மானியமாக 7,50,000 டாலர் திரண்டது. பாங்கி வழக்கப்படி கடன் பெற முடியாத ஏழை வீட்டுக்காரர்களுக்காக அதிலிருந்து ஒரு சுழல் நிதி ஏற்படுத்தினார்கள். ஒரு வீட்டுக் கூரைக்குப் போன பணம் திரும்பி வந்ததும் அடுத்த வீட்டுச் சுவருக்குப் போகும். 1968-ல் ஒரு டிரெய்லர் வண்டியில் காரியாலயம் திறந்தார்கள். குடியிருப்பவர்கள், பாங்கிக்காரர்கள், நகரசபையார் மூவரும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்தது அங்கேதான்.

பிட்ஸ்பர்க்கில் நடந்ததைப் பார்த்து மற்ற நகரங்களும் பின்பற்றின. பத்தே வருஷத்தில், 1978-ல், இந்த மாதிரி ஸ்தாபனங்களுக்கு உதவி செய்வதற்கென்றே அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு தேசிய ஸ்தாபனத்தை ஏற்படுத்தியது. டாரதி 1991-ல் காலமானார். அடுத்த வருஷமே அவர் பெயரால் ஒரு விருது ஏற்பட்டது. சம்பளம் வாங்காமல் தங்கள் பேட்டைக்கு உழைக்கும் குடித்தனக்காரர்களுக்குத்தான் அந்த விருது.

இரண்டாமவர் சிகாகோவைச் சேர்ந்த கேல் சின்கோட்டா. ஆறு ஆண் பிள்ளைகளின் தாய்! பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடத்தில் நெரிசல் தாங்கவில்லை என்று பெற்றோர் சங்கத்தில் சேர்ந்தார். பள்ளிக்கூடம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்கப் போனவர், பேட்டையே ஏன் இப்படி ஆகிறது என்ற கேள்விக்கு வந்தார். நம் தெருக்காரர்களிடம் டிபாஸிட் வாங்குகிற பாங்கி, நம் தெருவுக்கு ஏன் கடன் கொடுப்பதில்லை? எளிய கேள்வி. அதைக் கேட்டுக் கேட்டே நாடு முழுவதும் ஆட்களைத் திரட்டிவிட்டார். எந்தப் பேட்டையில் எவ்வளவு கடன் கொடுத்தோம் என்பதைப் பாங்கிகள் வெளியிட வேண்டும் என்று 1975-ல் சட்டம் வந்தது. டிபாஸிட் வாங்கும் வட்டாரத்தின் கடன் தேவையைக் கவனிப்பதும் பாங்கியின் கடமை என்று 1977-ல் இன்னொரு சட்டம் வந்தது. ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்டார். சின்கோட்டா 2001-ல் மறையும் வரை பாங்கிகளை விடவில்லை.

அந்த 1977-ஆம் வருஷச் சட்டப்படி பாங்கிகளுக்கு அவ்வப்போது பரீட்சை நடக்கிறது. மார்க் பகிரங்கமாக வெளியாகிறது. மார்க் மோசமானால், இன்னொரு பாங்கியைச் சேர்த்துக்கொள்ள அனுமதி கேட்கும்போது சங்கடம். வட்டாரத்து வீட்டு வசதிக்கு முதல் போடுவதும் மானியம் தருவதும் பரீட்சையில் கணக்கில் சேரும். முன் வரிசை மேஜையின் ரகசியம் புரிகிறதா? அங்கே கை தட்டும் பாங்கி மானேஜரிடம் தர்ம சிந்தை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆறு பிள்ளைகளின் தாய் ஒருத்தி அவருக்கு அந்த நாற்காலியை இழுத்துப் போட்டிருக்கிறாள் என்பதைச் சொல்லாமல் விடவும் முடியாது.

எனக்கு இந்த விருந்துகளில் உறுத்துவது இரண்டு விஷயம். மேஜை வாங்கின பாங்கி நாளைக்கே தப்புச் செய்தால், விருந்து வைத்தவர்களுக்குச் சின்கோட்டாவைப் போல முகத்துக்கு நேரே கேட்கத் தெம்பு இருக்குமா? இது முதலாவது. இரண்டாவது, வீடு கிடைத்த ஒரு பெண்ணை மேடைக்கு அழைத்து, தான் பட்ட கஷ்டத்தையெல்லாம் சொல்லச் சொல்வது. குழந்தைகளோடு காரிலே படுத்துத் தூங்கினதை அவள் சொல்வாள். கீழே முள்கரண்டிச் சத்தம் ஓய்ந்து கைக்குட்டைகள் வெளியே வரும். உடனே மட்டை ஏலம். பணம் நிறையச் சேருகிறது, வாஸ்தவம். ஆனால் நம் வீட்டுக் கதையை நம் சமையலறையில் சொல்லவே நாம் எவ்வளவு யோசிக்கிறோம்! யோசனையுள்ள ஸ்தாபனங்கள், அதே பெண் தன் கட்டடத்துக் குடித்தனக்காரர்களைக் கூட்டிச் சாதித்த காரியத்தைப் பற்றிப் பேசச் சொல்கின்றன. டாரதி பெயரால் உள்ள விருதின் முறையும் அதுவே.

விருது வாங்கினவருக்கு மறு வாரமே வேலை காத்திருக்கும். நகரசபைக் கட்டடத்தில் மாலைக் கூட்டம். ஒரு காலி மனையில் குறைந்த வாடகை வீடுகள் கட்ட அனுமதி கேட்டு மனு வந்திருக்கும். அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக எழுந்து, ஏழைகளுக்கு வீடு வேண்டியதுதான், ஆனால் இந்தத் தெருவில் வேண்டாம் என்பார்கள். கார் நிறுத்த இடம் போதாது. பள்ளிக்கூடத்தில் நெரிசல் ஏற்படும். நம் வீட்டு விலை இறங்கிவிடும். போன வாரம் ஹோட்டல் ஹாலில் மட்டை தூக்கின ஒருவர் அந்த வரிசையில் நின்றாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை. பேச வருகிறவர்களுக்கு ஆளுக்கு இரண்டு நிமிஷமோ மூன்று நிமிஷமோதான்; நேரம் முடிந்ததும் நிறுத்திக்கொள்ள வேண்டும். நம் விருதுக்காரர் பெயரைப் பதிவு செய்துவிட்டு, கடைசி பெஞ்சியில் காத்திருப்பார். அவருடைய முறை வருவதற்குச் சில நாள் ராத்திரி பத்து மணிகூட ஆகிவிடும். அங்கே ரப்பர் கோழிகூடக் கிடையாது.